வண்டி கூப்பிட்டதா, சாவி பதில் சொன்னதா?

"அண்ணாச்சி, ரிமோட் சாவி வேலை செய்யல" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். சாவித் துவாரம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிற குமிழை அமுக்கினபோது வண்டியில் ஏதாவது லைட் மின்னிச்சா, சத்தம் வந்துச்சா? பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. கையில் இருக்கிற சாவியையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். வண்டி என்ன செய்தது என்று கவனித்திருக்க மாட்டார்கள்.

தூத்துக்குடியில் சின்னதாக ஒரு ஒயரிங், பேட்டரி கடை வைத்திருக்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் இல்லாமல் பாயின்ட் வைத்து இன்ஜினுக்கு நெருப்புப் பொறி கொடுத்த பழைய வண்டிகளில் கை பழகியவன். சாவி போடும் துவாரமே இல்லாத பைக்குகள் வெளிநாட்டில் ரொம்ப நாளாகவே உண்டு. 2011ல் வந்த டுகாட்டி டியாவெலில் சாவி சட்டைப் பையிலேயே இருந்தால் போதும். பி.எம்.டபிள்யூவில் அதற்கு கீலெஸ் ரைடு என்று பெயர். அதெல்லாம் எங்கள் தெருப்பக்கம் வந்ததில்லை. 2023 ஜனவரியில் ஹோண்டா ஆக்டிவாவில் எச்-ஸ்மார்ட் என்ற பெயரில் இந்த வசதி வந்தது, அடுத்த வருடம் யமஹா ஏராக்ஸில் ஸ்மார்ட் கீ வந்தது. அப்புறம்தான் உப்பளத்து மேஸ்திரியும் ஆஸ்பத்திரி நர்ஸ் அக்காவும் கீலெஸ் வண்டியோடு என் கடை வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். கீழே சொல்லப்போகிற கோளாறு வண்டிகளின் பெயரைச் சொல்லவில்லை. எந்தக் கம்பெனி ஆனாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்.

என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். இது தெரியாமல் ஸ்பேர் மாற்றினால் காசுதான் போகும். குமிழை அமுக்கியதும் வண்டிக்குள் இருக்கும் ஒரு சுருள் ஆன்டெனா, 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் காந்த அலை ஒன்றை விடும். அது ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் போகாது. தூங்கிக்கொண்டிருக்கும் சாவி அதைக் கேட்டு விழித்து, ரேடியோ அலையில் பதில் அனுப்பும். இந்தப் பதில் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், கொஞ்சம் தூரமும் போகும். ஒவ்வொரு தடவையும் மாறுகிற ரகசியக் குறியீடு அதில் இருக்கும். வண்டியின் கன்ட்ரோல் யூனிட் அதைச் சரிபார்த்து, நம் சாவிதான் என்று தெரிந்தால் குமிழுக்குள் பூட்டாக இருக்கும் சோலனாய்டை (கரன்ட் வந்தால் நகரும் காந்தப் பின்) இழுத்துவிடும். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அது இதுதான். அப்புறம் குமிழைத் திருப்பலாம்.

ஆக இரண்டு பேச்சு. வண்டி கூப்பிடுவது ஒன்று, சாவி பதில் சொல்வது இன்னொன்று. எது அறுந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதற்கு ஸ்கேனர் மெஷின் வேண்டாம், சாவியில் இருக்கிற தேடும் பட்டனே போதும். பார்க்கிங்கில் வண்டி எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க, அமுக்கினால் நாலு இண்டிகேட்டரும் மின்னுமே, அந்தப் பட்டன். அதில் வண்டி கூப்பிடுகிற வேலையே இல்லை. சாவி நேராக வண்டியோடு பேசுகிறது. ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று அமுக்குங்கள். இண்டிகேட்டர் மின்னினால் சாவிக்குள் இருக்கும் செல் (பட்டன் பேட்டரி) உயிரோடு இருக்கிறது, வண்டிக்கும் காது கேட்கிறது. அப்படியும் குமிழ் திரும்பவில்லை என்றால் கோளாறு கூப்பிடுகிற பக்கம்: சுருள் ஆன்டெனா, அதன் ஒயரைச் சேர்க்கும் கப்ளர், இல்லையென்றால் பக்கத்தில் எதுவோ மின் இரைச்சல் போடுகிறது. இண்டிகேட்டர் மின்னவே இல்லையா, அப்போது செல்லைப் பார்க்க வேண்டும், வண்டி பேட்டரியைப் பார்க்க வேண்டும். வீட்டில் இரண்டாவது சாவி இருந்தால் அதையும் கொண்டு வரச் சொல்வேன். இரண்டு சாவியும் ஒரே மாதிரி மக்கர் செய்தால் சாவிமேல் பழி போடத் தேவையில்லை.

செல் கதைக்கு வருகிறேன். பெரும்பாலான ஃபோப்களில் (இந்த ரிமோட் சாவிக்கு அதுதான் பெயர்) சி.ஆர்.2032தான் இருக்கும். 3 வோல்ட், 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். அந்த எண்ணிலேயே அளவு எழுதியிருக்கிறது. இந்த லித்தியம் செல்லுக்கு ஒரு குணம் உண்டு: சாகிற வரைக்கும் நன்றாக இருப்பதுபோல நடிக்கும். மீட்டரை வைத்தால் 2.9 காட்டும், "செல் நல்லாத்தான் இருக்கு" என்று மூடிவிடுவார்கள். மீட்டர் அதனிடம் வேலை எதுவும் வாங்குவதில்லையே. பதில் அனுப்பும் அந்த ஒரு கணத்தில் சாவி பத்துப் பதினைந்து மில்லியாம்ப் இழுக்கும். அதைக் கொடுக்க முடியாமல் வோல்ட் சரிந்தால் பதில் பாதியிலேயே நின்றுவிடும். நான் 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செல்லின் குறுக்கே இரண்டு விநாடி வைத்து அளப்பேன். கிட்டத்தட்ட 13 மில்லியாம்ப் ஓடும். புதுச் செல் 2.7 பக்கம் நிற்கும். களைத்த செல் 2.3, 2.2 என்று கண் முன்னாலேயே இறங்கும். ரெசிஸ்டர் விலை ஒரு ரூபாய்கூட இல்லை.

செல் வாங்குவதிலும் சூட்சுமம் உண்டு. கடையில் 2032 இல்லை என்று 2025ஐக் கொடுத்துவிடுவார்கள். அதுவும் 3 வோல்ட்தான், அகலமும் அதேதான், தடிமன் மட்டும் 2.5 மில்லிமீட்டர். வீட்டில் வைத்துப் பார்த்தால் வேலை செய்யும். பாளை ரோட்டில் நாலு பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் உள்ளே ஆடி, தொடர்பு விட்டுவிடும். "அண்ணாச்சி, சில நேரம் எடுக்குது, சில நேரம் எடுக்கல" என்று யாராவது வந்தால் முதலில் செல்லைத் திருப்பி எண்ணைத்தான் படிப்பேன். இன்னொன்று, சில கம்பெனிகள் குழந்தைகள் வாயில் போடாமல் இருக்கக் கசப்புப் பூச்சு பூசி விற்கின்றன. நல்ல யோசனைதான், ஆனால் சில ஃபோப்களில் தகட்டு நாக்கு அந்தப் பூச்சின் மேல் உட்கார்ந்துவிட்டால் கரன்ட் சரியாகப் பாயாது. புதுச் செல் போட்டும் வேலை செய்யவில்லை என்றால் பூச்சில்லாத ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கழற்றிய செல்லை மேஜைமேல் போட்டுவிட்டுப் போகாதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்க ஆரம்பிக்கும். தீர்ந்துபோன செல்லுக்கும் அந்தச் சக்தி உண்டு. விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

மாற்றும்போது ஃபோபின் ஓரத்தில் இருக்கும் பள்ளத்தில் துணி சுற்றிய தட்டை ஸ்க்ரூடிரைவரை வைத்து மெல்லத் திருகினால் போதும். உள்ளே ரப்பர் வளையம் இருந்தால் அது முறுக்காமல் திரும்ப உட்கார வேண்டும். மழைக்கு அது ஒன்றுதான் காவல். கை ஈரத்தோடு போர்டைத் தொடாதீர்கள். ஹார்லி டேவிட்சன் கையேட்டில் ஃபோப் செல்லை வருடம் ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கும். நம்முடைய ஸ்கூட்டருக்கும் அதையே கடைப்பிடிக்கலாம். பொங்கலுக்கு ஒரு செல் மாற்றினால் அடுத்த பொங்கல் வரை நினைக்க வேண்டாம்.

ஒரு டீச்சர் அக்கா வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். வேறொரு இடத்தில் கன்ட்ரோல் யூனிட் போய்விட்டது என்று சொல்லி, ஒரு பெரிய தொகையும் சொல்லியிருக்கிறார்கள். சாவியை வாங்கிப் பட்டனைத் தட்டினேன், சிவப்பு மின்னியது. சில மாடல்களில் சாவியையே தூங்க வைக்க முடியும். பட்டனை அமுக்கிப் பிடித்தால் சிவப்பு வந்துவிடும், அப்போது வண்டி எவ்வளவு கூப்பிட்டாலும் சாவி வாய் திறக்காது. திரும்ப அமுக்கிப் பிடித்தால் பச்சை வரும். வீட்டில் இருக்கும் பேரன் விளையாடியிருக்கிறான். நான் அமுக்கிப் பிடித்ததும் பச்சை வந்தது, வண்டியும் ஸ்டார்ட் ஆனது. "இதுக்கா அக்கா ஆட்டோ?" என்றேன். "நீங்க சிரிக்காதீங்க அண்ணாச்சி, வாடகை எவ்வளவு தெரியுமா" என்றார்.

அந்தத் தூங்கவைக்கும் வசதியைச் சும்மா வைக்கவில்லை. எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் கதவுக்குப் பக்கத்துச் சுவரில்தான் சாவி ஆணி இருக்கும். வண்டி வாசல்படியோரம் நிற்கும். நடுவில் ஒரு சுவர், மொத்தத்தில் இரண்டு மீட்டர்கூட இருக்காது. அந்த நிலையில் தெருவில் போகிற யார் குமிழை அமுக்கினாலும் வண்டி "வாங்க" என்று திறந்துவிடும். சாவியை உள் அறையில் வையுங்கள், இல்லையென்றால் இரவில் சிவப்பில் போட்டுவிடுங்கள். டிவி மேலும் லேப்டாப் பக்கத்திலும் வைக்காதீர்கள், அந்த இரைச்சலில் சாவி சரியாகத் தூங்காமல் செல் சீக்கிரம் தீரும்.

அடுத்தது வண்டியின் பேட்டரி. என் அனுபவத்தில் கீலெஸ் கோளாறு என்று வருவதில் பெரிய பங்கு இதற்குத்தான். சாவித் துவாரம் உள்ள வண்டியை ஆஃப் செய்தால் கிட்டத்தட்ட எல்லாமே செத்துவிடும். கீலெஸ் வண்டி அப்படி இல்லை. நிறுத்திய பின்பும் ஒரு பகுதி விழித்தபடி காத்திருக்கும், கொஞ்சம் கரன்டும் தின்னும். நல்ல வண்டியில் அது சில மில்லியாம்ப்தான். 3 மில்லியாம்ப் என்று வைத்துக்கொண்டால் 5 ஆம்பியர்-அவர் பேட்டரி பாதியாகவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதே வண்டியில் யாரோ அலாரம், ஜி.பி.எஸ்., போன் சார்ஜர் என்று நேராக பேட்டரியில் முறுக்கிவிட்டுப் போயிருந்தால், 30 மில்லியாம்ப் இழுத்து ஒரே வாரத்தில் காலி செய்துவிடும். ஊருக்குப் போய்விட்டு வந்தால் குமிழ் அசையாது. சாவிமேல் சந்தேகம் வரும், பாவம் அது நன்றாகத்தான் இருக்கும்.

பேட்டரியை அளக்கும்போது வண்டி ஓடி நின்ற உடனே அளக்காதீர்கள், சில மணி நேரம் விடுங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே போனால் கீலெஸ் யூனிட் என்ன செய்யும் என்று அதற்கே தெரியாது. இன்ஜினை ஓட விட்டு ஆக்சிலேட்டர் கொடுத்தால் 14 பக்கம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ரெகுலேட்டர், ஸ்டேட்டர் பக்கம் போங்கள். வண்டி நிற்கும்போது போகிற திருட்டு கரன்டை அளக்க, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி நடுவில் மீட்டரை ஆம்ப்பில் வைக்கலாம். ஆனால் மீட்டர் மாட்டியிருக்கும்போது யாரும் செல்ஃப் பட்டனைத் தொடக் கூடாது, மீட்டரின் ஃபியூஸ் அந்த நொடியே போய்விடும். கடைப் பையன்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் ஒருவனாவது அமுக்குவான்.

இனி எங்கள் ஊர் வியாதி, உப்பு. கடலோரக் காற்றும் உப்பளத்து ஈரமும் சேர்ந்து, பேட்டரி நெகட்டிவ் ஒயரை வண்டியின் இரும்போடு இணைக்கும் எர்த் போல்ட்டில் வெள்ளையாகப் பூக்கும், கப்ளர் பின்னில் பச்சையாக ஏறும். மதுரைப் பக்கம் அஞ்சு வருடம் தாங்கும் கப்ளர் இங்கே இரண்டு மழைக்குத் தாங்காது. எர்த் சரியில்லை என்றால் பேட்டரியில் 12.6 இருக்கும், யூனிட்டுக்குப் போய்ச் சேருவது 11தான். இதைக் கண்டுபிடிக்க பேட்டரி நெகட்டிவ் முனையில் ஒரு புரோபும், சேசிஸில், அதாவது வண்டிச் சட்டத்தில், பெயின்ட் இல்லாத வெறும் இரும்பில் இன்னொன்றும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்வேன். மீட்டரில் 0.3 வோல்ட்டுக்கு மேல் தெரிந்தால் நடுவில் எங்கோ எதிர்ப்பு உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டைக் கழற்றி இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் தீர்ந்தது. கப்ளர் பின்னுக்கு மட்டும் உப்புத்தாள் வேண்டாம். மேலே இருக்கும் மெல்லிய முலாம் போய்விட்டால் அடுத்த துரு இரண்டு மடங்கு வேகத்தில் வரும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய விட்டு, ரப்பர் சீலில் சிலிக்கோன் கிரீஸ் பூசினால் போதும்.

2023 டிசம்பர் வெள்ளத்தை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. சீட் வரை மூழ்கிக் கிடந்த வண்டிகள் வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தன. அதில் நான் பார்த்தது என்னவென்றால், ஒரே தெருவில் ஒரே தண்ணீரில் நின்ற வண்டிகளில் சிலது பிழைத்தது, சிலது பிழைக்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் முதல் வேலையாக பேட்டரி ஒயரைக் கழற்றினவர்களின் கீலெஸ் யூனிட் பெரும்பாலும் தப்பித்தது. ஆர்வத்தில் குமிழை அமுக்கி அமுக்கிப் பார்த்தவர்களின் யூனிட்டில் பின்கள் பச்சைக் கூழாகியிருந்தன. ஈரமும் உப்பும் கரன்டும் ஒன்று சேர்ந்தால் செம்பு கரைந்துபோகும், அதற்கு ஒரு ராத்திரியே போதும். மூழ்கின வண்டியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காய வைத்து, கப்ளர் ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் பேட்டரியை மாட்ட வேண்டும். பேன்ட் பையோடு வாஷிங் மெஷினுக்குள் போய்வந்த சாவிக்கும் இதே வைத்தியம்தான். செல்லை உடனே கழற்றுங்கள், அரிசி டப்பாவுக்குள் புதைக்காதீர்கள், மாவுதான் உள்ளே போகும்.

இரைச்சல் என்று மேலே சொன்னேன். ஒரு தம்பி வண்டி வீட்டில் எடுக்கும், ஆபீசில் எடுக்காது. ஆபீசுக்குப் போகும்போது ஹேண்டிலில் மாட்டியிருந்த மலிவு யு.எஸ்.பி. சார்ஜரில் போனைச் சொருகுவார். இவரும் இறங்குவார், போனும் சாவியும் ஒரே பையில் சேரும், சார்ஜர் நேராக பேட்டரியிலேயே கிடக்கும். கடையில் இருக்கும் பழைய மீடியம் வேவ் ரேடியோவை எடுத்து, ஸ்டேஷன் எதுவும் வராத இடத்தில் வைத்து சார்ஜர் பக்கம் கொண்டுபோனேன், காது கிழிகிற மாதிரி இரைந்தது. (ஒரு காலத்தில் இலங்கை வரை கேட்ட தூத்துக்குடி வானொலி இருக்கிற ஊரில் ஸ்டேஷன் இல்லாத இடம் தேடுவதே கொஞ்சம் வேலைதான்.) சார்ஜர் ஒயரைப் பிடுங்கினேன், வண்டி எடுத்தது. அவசரத்துக்கு ஒரு வழி: போனை வேறு பைக்கு மாற்றிவிட்டு, சாவியைக் குமிழுக்கு ஒட்டியே பிடித்து அமுக்குங்கள். பையில் எவர்சில்வர் சம்படத்துக்கு அடியில் கிடக்கும் சாவிக்கும் வண்டியின் குரல் கேட்காது.

'டிக்' சத்தம் கேட்கிறது, லைட்டும் வருகிறது, குமிழ் மட்டும் திரும்பவில்லை என்றால் எலக்ட்ரானிக்ஸை விட்டுவிடுங்கள். ஹேண்டில் லாக் பின்னை ஹேண்டிலே நெருக்கிக்கொண்டிருக்கும். ஒரு கையால் ஹேண்டிலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லேசாக ஆட்டிக்கொண்டே திருப்பினால் வந்துவிடும். பலம் போட்டால் குமிழ் உடையும். குமிழ் திரும்பி டேஷ் எரிந்து, செல்ஃப் மட்டும் அடிக்கவில்லை என்றால் அதுவும் கீலெஸ் கோளாறு இல்லை. பிரேக் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்ட் ஸ்விட்ச், ஸ்டார்டர் ரிலே என்று பழைய பாட்டுதான்.

வாட்டர் வாஷில் விடுகிறவர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: பம்ப் தண்ணீரை நேராகக் குமிழில் அடிக்க வேண்டாம், கடைசியில் பளபளப்புக்கு டீசல் தெளிக்கவும் வேண்டாம். டீசல் ரப்பரை ஊதவைக்கும், அதில் தூசி ஒட்டும், ஒரு வருடத்தில் குமிழ் களிமண்ணில் புதைந்ததுபோல இறுகிவிடும். ஈரத்துணியால் துடைத்து, மழைக்காலத்துக்கு முன்னால் சிலிக்கோன் ஸ்பிரே லேசாக ஒரு தடவை, அவ்வளவே.

சாவி நடுவழியில் செத்தால் என்ன செய்வது என்பதை வீட்டில் இருக்கும்போதே படித்து வையுங்கள். ஹார்லியில் ஐந்து இலக்க பின் எண்ணை இண்டிகேட்டர் பட்டனாலேயே போடலாம். சில ஸ்கூட்டர்களில் கூடவே தரும் இரும்புச் சாவியால் சீட்டைத் திறந்து, ஐ.டி. எண்ணைக் குமிழை அமுக்கி அமுக்கியே ஏற்றலாம். அந்த எண் ஒரு சின்னத் தகட்டில் அச்சாகி, புது வண்டியோடு வரும். பலர் அதை விலைச்சீட்டு என்று நினைத்துத் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். இரண்டாவது சாவியை டிக்கிக்குள் வைப்பதும் இங்கே ஒரு பழக்கம். சில வண்டிகள் உள்ளே இருக்கும் அந்தச் சாவியையே கேட்டுத் திறந்துகொள்ளும், அப்புறம் பூட்டு எதற்கு?

பழைய கீலெஸ் வண்டி வாங்கப்போகிறீர்கள் என்றால் ஆர்.சி. புக்கைப் பார்க்கும் முன்பே இரண்டு சாவி, இரும்புச் சாவி, ஐ.டி. தகடு மூன்றையும் மேஜையில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு சாவியையும் தனித்தனியே போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒன்றைச் சோதிக்கும்போது மற்றது ஐந்தாறு மீட்டர் தள்ளி இருக்கட்டும், இல்லையென்றால் செத்த சாவிக்குப் பதிலாக நல்லது பேசிவிடும். ஒரு சாவிதான் இருக்கிறது, இன்னொன்று எங்கோ தொலைந்தது என்று சொன்னால் புதுச் சாவிக்கும் அதைப் பதிவு செய்வதற்கும் ஆகிற தொகையை ஷோரூமில் விசாரித்துவிட்டு, அதை விலையில் கழித்துப் பேசுங்கள். சாவியே இல்லை, யூனிட்டை நேராக ஜம்பர் போட்டு ஓட்டுகிறோம் என்றால் வாங்க வேண்டாம், என்னிடம் கொண்டு வரவும் வேண்டாம்.